மிச்சமிருக்கும் வளர்ச்சி: வளர்தட்டுச் சேதமும் அறுவை சிகிச்சையும்

1727-இல் வெளியான நூலொன்றில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு சின்னச் சோதனையைப் பதிவு செய்தார். பாதி வளர்ந்த கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதை அறுத்துப் பார்த்தார். எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு நடுவே இருந்த தூரமோ அதே அரை அங்குலம். நடுத்தண்டு இழுபட்டு நீளவில்லை, நீட்சி முழுவதும் நுனிகளிலேயே நடந்திருக்கிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. பின்னாளில் ஜான் ஹன்டர் பன்றிக் காலில் ஈயக் குண்டுகளைப் பதித்துப் பார்த்தும் அதையே கண்டார். குழந்தை எலும்பியலின் பெரும் தலைவலிகளில் ஒன்று இந்த உண்மையிலிருந்துதான் கிளைக்கிறது. நுனிக்கருகில் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒரு குருத்தெலும்புத் தட்டுதான் எலும்பு முழுவதையும் நீட்டுகிறது. அது கெட்டால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் கிடையாது. அப்படிக் கெட்ட வளர்தட்டுக்கு அறுவை மருத்துவத்தால் என்ன செய்ய முடியும், எதை யாருக்குச் செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டின் சேதம் எவ்வளவு என்பதை முதன்மை அளவுகோலாக வைத்து முடிவெடுப்பது பிசகு. குழந்தைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சமிருக்கிறது என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால், தட்டை விடுவிக்கும் அறுவை பாடநூல்கள் அனுமதிப்பதைவிடக் குறைவான பிள்ளைகளுக்கே பொருந்தும். ஆனால் பொருந்துகிற அந்தச் சிலருக்கு அதற்கு மாற்றே இல்லை.

தட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்த்தால்தான் சேதம் ஏன் இப்படி ஒரு வடிவம் எடுக்கிறது என்பது விளங்கும். மூட்டை ஒட்டிய பக்கத்தில் ஓய்வுநிலைச் செல்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் செல்கள் அடுக்கடுக்காகத் தூண் கட்டிப் பெருகி, பிறகு ஊதிப் பருத்து, கடைசியில் சுண்ணாம்பேறி எலும்புக்கு இடம் கொடுக்கின்றன. மேல் பக்கத்துச் செல்களுக்கு எலும்பு நுனியிலிருந்து வரும் ரத்தக்குழாய்கள் உணவளிக்கின்றன. எலும்பாகும் பக்கத்துக்கு நடுத்தண்டிலிருந்து வரும் குழாய்கள். பிறந்த முதல் ஒன்றரை வருடம் தவிர இந்த இரண்டு ரத்த ஓட்டங்களும் தட்டைக் கடந்து ஒன்றோடொன்று சேர்வதில்லை. ரத்தக்குழாய் இல்லாத அந்த வேலி உடைந்து இரு பக்கமும் தொட்டுக்கொண்டால், அந்த வழியாக எலும்பு முளைத்து நுனியையும் தண்டையும் இணைத்துவிடுகிறது. இதைத்தான் எலும்புப் பாலம் என்கிறோம். பாலம் விளிம்பில் அமைந்தால் அந்தப் பக்கம் கட்டுண்டு, எதிர்ப்பக்கம் மட்டும் வளர, மூட்டு கோணும். நடுவில் அமைந்தால் எலும்பு கூடாரம் போல உள்ளிழுக்கப்பட்டு நீளம் குறையும். முயல்களில் தொடையெலும்பின் கீழ்த்தட்டுப் பரப்பில் வெறும் 7 சதவீதத்தை அழித்ததே வளர்ச்சியைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது என்பது 1988-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்றின் முடிவு. அளவில் சிறியது என்பதால் பாலத்தை அலட்சியம் செய்ய முடியாது.

காயம்பட்ட தட்டுகளை வகைப்படுத்தியதில் 1963-இல் டொரன்டோவின் ராபர்ட் சால்டரும் ராபர்ட் ஹாரிஸும் எழுதிய கட்டுரை இன்றுவரை நிலைத்து நிற்கிறது. முறிவு தட்டின் வழியே மட்டும் ஓடினால் ஒன்றாம் வகை. தண்டின் ஒரு துண்டோடு போனால் இரண்டு. நுனியைப் பிளந்து மூட்டுக்குள் போனால் மூன்று. நுனி, தட்டு, தண்டு மூன்றையும் வெட்டிச் சென்றால் நான்கு. தட்டு நசுங்கினால் ஐந்து. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. தேர்வுக்கு நல்ல பாடம்தான், நோயாளிக்கு அவ்வளவு பயன்படாது. ஆபத்தைத் தீர்மானிப்பதில் வகையைவிட இடம் பெரியது. மணிக்கட்டில் ஆர எலும்பின் தட்டு உடைந்தால் நூற்றில் நாலைந்து பேருக்கே வளர்ச்சி நிற்கிறது. முழங்காலுக்கு மேலே தொடையெலும்பின் கீழ்த்தட்டு உடைந்தால், அது 'சாதுவான' இரண்டாம் வகையாகவே இருந்தாலும், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிக் கோளாறு வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். காரணம், அந்தத் தட்டு சமதளமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நுனி நழுவும்போது மேடுகள் உரசி, காப்பாற்ற வேண்டிய செல்களையே சிதைத்துவிடுகின்றன. ஐந்தாம் வகையைப் பற்றி ஒரு வார்த்தை: மேயோ கிளினிக்கின் ஹாம்லெட் பீட்டர்சன் அப்படி ஒரு தனி வகை இருக்கிறதா என்றே கேட்டார். முதல் நாள் எக்ஸ்-ரேயில் எதுவும் தெரியாமல், வளர்ச்சி நின்றபின் பின்னோக்கிப் போய்ச் சூட்டும் பெயராக அது இருப்பதால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

முதல் அறுவை என்பது உண்மையில் முறிவு நடந்த அன்றே வருகிறது, அதைச் சரியாகச் செய்வதுதான் பின்னால் வரும் எல்லா அறுவைகளையும்விட லாபமானது. மூன்றாம், நான்காம் வகை முறிவுகளை மூட்டுப் பரப்பு அச்சுப் பிசகாமல் பொருந்தும்படி திறந்து சேர்க்க வேண்டும். ஸ்குரூ போட்டால் தட்டுக்கு இணையாக, நுனி எலும்புக்குள்ளேயே போக வேண்டும். தட்டைக் கடந்துதான் ஆக வேண்டுமென்றால் மரை இல்லாத வழுவழுப்பான கம்பியைச் செருகி, சில வாரங்களில் உருவிவிட வேண்டும். மரையுள்ள ஸ்குரூ தட்டைக் கடந்தால் அதுவே பாலத்துக்கு அடித்தளம். கணுக்காலில் டிபியா எனும் கீழ்க்கால் எலும்பின் கீழ்த்தட்டு நழுவி, எலும்பை இழுத்து வைத்த பிறகும் எக்ஸ்-ரேயில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் எலும்புறை அந்தச் சந்தில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இடைவெளி இருந்தவர்களில் தட்டு முன்கூட்டியே மூடிக்கொண்டது 60 சதவீதம் என்றும், இல்லாதவர்களில் 17 சதவீதம் என்றும் சான் டியேகோவிலிருந்து 2003-இல் வந்த ஆய்வு கூறியது. இங்கே நம்மூரில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாட்டுக்கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, விலகியபடியே ஒட்டத் தொடங்கிய ஒன்றாம் அல்லது இரண்டாம் வகை முறிவோடு குழந்தை ஆஸ்பத்திரிக்கு வரும். அப்போது பலங்கொண்டு இழுத்துச் சரிசெய்வது எக்ஸ்-ரேயை அழகாக்கும், தட்டைக் கிழித்துவிடும். ஒரு வாரம் தாண்டிவிட்டால் கோணலோடே ஒட்டவிட்டு, தேவைப்பட்டால் பிறகு எலும்பை வெட்டி நிமிர்த்துவது பாதுகாப்பானது. கை வைக்காமல் இருப்பதும் இந்தத் துறையில் ஒரு சிகிச்சை முடிவு.

பாலம் உருவானால் அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல, ஆனால் தேடினால்தான் கிடைக்கும். மாவுக்கட்டு பிரித்து, குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் பெற்றோர் மருத்துவமனையை மறந்துவிடுவார்கள். பாலம் தன்னை வெளிப்படுத்துவதோ அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து. முறிவுக்குப் பின் எலும்பு சிறிது காலம் வளர்ச்சியை நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது தண்டில் ஒரு வெள்ளைக் கோடு விழும். 1920களில் ஹென்றி ஹாரிஸ் விவரித்ததால் அவை ஹாரிஸ் கோடுகள். அந்தக் கோடு தட்டுக்கு இணையாக, தட்டிலிருந்து ஒரே சீராக விலகிச் சென்றால் நிம்மதி. ஒரு பக்கம் சாய்ந்து தட்டை நோக்கிக் குவிந்தால் குவியும் இடத்தில் பாலம் இருக்கிறது. சாதாரண எக்ஸ்-ரே ஒன்றில் தெரிகிற இந்தச் சாய்வு, பின்னாளில் வரும் எல்லா உயர்தொழில்நுட்பப் படங்களுக்கும் முன்னறிவிப்பு. பாலம் உறுதியானதும் எம்.ஆர்.ஐ. எடுத்து, வெட்டு வெட்டாக வரும் படங்களை ஒன்றாக்கி, தட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைபடம் போடுகிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு பரப்பைப் பாலம் பிடித்திருக்கிறது என்பது அதில் வரும். முன்பு அடுக்கு எக்ஸ்-ரே படங்களைக் கொண்டு கார்ல்சனும் வெங்கரும் 1984-இல் இந்த வரைபட முறையை அமைத்துக் கொடுத்தார்கள். இப்போது படம் மாறியிருக்கிறது, முறை அதேதான்.

பாலத்தை வெட்டியெடுத்தால் தட்டு மறுபடி வளருமா என்பதற்கு ஆம் என்று முதலில் காட்டியவர் ஹெல்சிங்கியின் ஆண்டர்ஸ் லாங்கன்ஷோல்ட். 1967-இல் அவர் வெளியிட்ட முறையின் சாரம் எளியது: பாலத்தை முழுதாகச் சுரண்டி எடு, விழுந்த குழியில் குழந்தையின் சொந்தக் கொழுப்பை வை, எலும்பு மறுபடி தாவிவிடாமல் கொழுப்பு தடுக்கும். சொல்ல எளிது; மேசையில் கடினம். விளிம்புப் பாலம் என்றால் நேராகப் போகலாம், மேலே மூடிய எலும்புறையையும் வெட்டி விலக்கிவிட வேண்டும், இல்லையேல் அதுவே புதுப் பாலத்துக்கு விதை. நடுப்பாலம் என்றால் தண்டில் ஜன்னல் திறந்து, அதிவேகத் துளைப்பானால் உள்ளே சுரங்கம் தோண்டிப் போக வேண்டும். ஆழத்தில் பார்வைக்கு எட்டாத ஓரத்தைப் பார்க்கப் பல் மருத்துவரின் குட்டிக் கண்ணாடியும் சிறு ஒளிக்குழாயும் உதவும். இப்போது மூட்டுக்குள் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பையே உள்ளே விடுகிறார்கள். பாலத்தின் கெட்டியான வெளுப்பு கரைந்து, குழியின் சுவரைச் சுற்றிலும் நல்ல தட்டின் நீலம் கலந்த வெண்கோடு அறுபடாமல் தெரிய வேண்டும். எங்கேனும் ஒரு மில்லிமீட்டர் கோடு அறுந்திருந்தால் அங்கே பாலம் மிச்சம், அதுவே போதும் மற்ற உழைப்பை வீணாக்க. குழியை நுனி எலும்பின் பக்கம் சற்றே அகலமாகக் குடைவார்கள், நிரப்பிய பொருள் நுனியோடு சேர்ந்து நகரட்டும் என்பதற்காக. ரத்தக்கசிவை நிறுத்தியபின் பிட்டத்திலிருந்து எடுத்த கொழுப்பைத் திணிப்பார்கள். கடைசியாகத் தட்டுக்கு இருபக்கமும் இரண்டு சின்ன உலோகக் குறிகளைப் பதிப்பார்கள். அவற்றின் இடைவெளி வரும் மாதங்களில் கூடுகிறதா என்பதுதான் வெற்றியின் ஒரே நேரடிச் சாட்சி. ஹேல்ஸின் இரண்டு துளைகளுக்கு நேர் வாரிசு இந்தக் குறிகள்.

எதை நிரப்புவது என்பதில் ஒரு நீண்ட சர்ச்சை உண்டு. அமெரிக்காவின் ராபர்ட் பிரைட் 1974-இல் சிலிக்கோன் ரப்பரை முன்வைத்தார். பீட்டர்சன், தலையோட்டுத் துளைகளை அடைக்கப் பயன்படுகிற அக்ரிலிக் சிமென்டை விரும்பினார். கொழுப்புக்குச் செலவில்லை, உடம்பின் சொந்தப் பொருள், எடுக்க மறு அறுவை தேவையில்லை. சிமென்ட் பெரிய குழியில் எடையைத் தாங்கும், ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்தும். எனக்கு இந்தச் சர்ச்சை இரண்டாம்பட்சமாகவே படுகிறது. தோல்விகளை ஆராய்ந்தவர்கள் கண்டது பெரும்பாலும் முழுதாக எடுக்கப்படாத பாலம், அல்லது நிரப்பியது இடம்பெயர்ந்ததால் வந்த புதுப் பாலம். பொருளைவிடக் கையும் கண்ணும்தான் காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வெற்றிகரமாக விடுவிக்கப்பட்ட தட்டுகூட எதிர்க்காலின் தட்டைவிட முந்தியே மூடிக்கொள்வது வழக்கம். ஆகவே இந்த அறுவை திருப்பித் தருவது முழு வளர்ச்சியை அல்ல, அதன் ஒரு பங்கை.

இங்கேதான் பாடநூல் விதியோடு எனக்குப் பிணக்கு. பாலம் தட்டின் பரப்பில் பாதிக்குக் குறைவாகவும், வளர்ச்சி குறைந்தது இரண்டு வருடமாவது மிச்சமாகவும் இருந்தால் வெட்டியெடுக்கலாம் என்பது பரவலான விதி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடையெலும்பின் கீழ்த்தட்டு வருடத்துக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் வளரும். டிபியாவின் மேல்தட்டு 6 மில்லிமீட்டர். பெண்களுக்கு 14 வயதிலும் ஆண்களுக்கு 16 வயதிலும் வளர்ச்சி நிற்பதாக வைத்துக்கொள்ளும் பழைய சூத்திரம் நாள்தோறும் பயன்படுகிறது. 13 வயதுப் பையனுக்குத் தொடைத் தட்டில் 40 சதவீதப் பாலம் என்றால் விதிப்படி அவன் தகுதியானவன். மிச்ச வளர்ச்சி 27 மில்லிமீட்டர். அறுவை நன்றாகவே நடந்து, தட்டு பாதி வேகத்தில் இயங்கினாலும் கைக்குக் கிடைப்பது ஒன்றேகால் சென்டிமீட்டர் சொச்சம். அதற்காக ஒரு பெரிய சுரங்க அறுவை, கணிசமான தோல்வி வாய்ப்பு, தோற்றால் மறுபடி கோணல். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கால் வித்தியாசத்தைச் செருப்பில் ஒரு தடித்த அடி வைத்தே சமாளிக்கலாம் என்கிறபோது, இந்த அறுவை யாருக்காக? ஏழு வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச வளர்ச்சி 81 மில்லிமீட்டர். தட்டு முழுதாக நின்றால் எட்டு சென்டிமீட்டர் குட்டைக் கால். விடுவிப்பு 60 சதவீதமே பலித்தாலும் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். எலும்பை நீட்டியே தீர வேண்டிய நிலையிலிருந்து, எதிர்க்காலில் ஒரு சின்ன அறுவையோடு முடிகிற நிலைக்கு அவன் வந்துவிடுகிறான். ஆகவே நான் கேட்பது, தட்டு வளர்ந்ததா என்பதை அல்ல, குழந்தை ஒரு கடுமையான சிகிச்சைப் பிரிவிலிருந்து இலேசான பிரிவுக்கு மாறியதா என்பதை. இந்த அளவுகோலில் பார்த்தால் 25, 30 சதவீதத்துக்குள் அடங்கும் பாலமும், கையில் நாலைந்து வருடத்துக்கு மேல் வளர்ச்சியும் உள்ள சின்னக் குழந்தைகளே இந்த அறுவைக்கு உரியவர்கள். மற்றவர்களிடம் அது பெரும்பாலும் அறுவை மருத்துவரின் தன்னம்பிக்கைக்குச் செய்யப்படும் மரியாதை.

அப்படியானால் அந்த 13 வயதுப் பையனுக்கு என்ன செய்வது? விடை முரணாகத் தோன்றும்: வளர்ச்சி நின்றதற்கு மருந்து, இன்னும் கொஞ்சம் வளர்ச்சியை நிறுத்துவது. கெட்ட தட்டின் நல்ல பகுதியையும் மூடிவிட்டால் கோணல் கூடாது. எதிர்க்காலின் அதே தட்டை மூடிவிட்டால் நீள வித்தியாசமும் கூடாது. இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்தவர் சிகாகோவின் டல்லஸ் ஃபெமிஸ்டர். 1933-இல் அவர் விவரித்த முறையில் தட்டோடு சேர்த்து ஒரு எலும்புக் கட்டையை எடுத்துத் திருப்பிச் செருகினார். 1949-இல் பிளவுன்டும் கிளார்க்கும் தட்டின் இருபுறமும் கவ்வும் ஸ்டேப்பிள்களைக் கொண்டுவந்தார்கள். இன்று எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடி விரல்நக அளவுத் துளை வழியாகத் தட்டைச் சுரண்டி முடித்துவிடுகிறார்கள். பிள்ளை சீக்கிரமே நடந்து வீட்டுக்குப் போகிறான். இங்கு ஒரு தவறான குறுக்குவழியையும் சுட்டிக்காட்ட வேண்டும். சால்ட் லேக் சிட்டியின் பீட்டர் ஸ்டீவன்ஸ் 2007-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இரண்டு ஸ்குரூவோடு கூடிய எட்டு வடிவச் சின்னத் தகட்டை ஒரு பக்கம் வைத்துக் கோணலை நிமிர்த்தும் முறை உலகெங்கும் பரவியது. நல்ல தட்டில் அது அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் தகடு வைக்காத பக்கம் வளர்ந்து ஈடுசெய்கிறது. பாலம் இருக்கும் தட்டில் அந்தப் பக்கம் வளரவே முடியாது. தகட்டை நல்ல பக்கத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் நின்றுபோகும், கோணல் அப்படியே இருக்கும். பாலத்தை எடுத்தபின் துணைக்கு வைத்தால் பொருள் உண்டு. பாலத்துக்குப் பதிலாக வைத்தால் பயனில்லை.

நல்ல காலில் கத்தி வைப்பதா என்று பெற்றோர் கொதிப்பது இயல்பு. இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அடிபடாத காலில் வரும் எந்தச் சிக்கலும் முழுக்க மருத்துவரின் கணக்கில்தான் சேரும், உயரமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நிரந்தரமாகக் குறையும். ஆனாலும் மாற்று வழியான எலும்பு நீட்டலின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான ஆட்சேபம் வேறொன்று: நான் நம்பிச் சொல்லும் மிச்ச வளர்ச்சி என்ற எண்ணே எவ்வளவு நம்பகமானது? எலும்பு வயதைக் கணிக்க இன்றும் புழங்குவது கிருலிக், பைல் இருவரின் கை எக்ஸ்-ரே தொகுப்பு. அது 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளிடம் எடுத்த படங்களின் அடிப்படையில் அமைந்தது. ஊட்டமும் பூப்பெய்தும் வயதும் வேறாக இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே வைத்தால் ஒரு வருடம் பிசகுவது ஆச்சரியமில்லை. முழங்காலைச் சுற்றிய இரண்டு தட்டுகளையும் நிறுத்துகிற இடத்தில் ஒரு வருடப் பிசகு என்பது ஒன்றரை சென்டிமீட்டர் பிசகு. ஆட்சேபம் சரியானதே. ஆனால் அது கணக்கைக் கைவிடச் சொல்லவில்லை, ஒரே ஒரு எக்ஸ்-ரேயை வைத்துக் கணக்குப் போடாதே என்கிறது. மோஸ்லி 1977-இல் கொடுத்த நேர்கோட்டு வரைபடமும், பேலி குழுவினர் 2000-இல் கொடுத்த பெருக்கல் எண் முறையும் இதற்காகவே வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு கால்களையும் அளந்து, வித்தியாசம் உண்மையில் எந்த வேகத்தில் கூடுகிறது என்பதைக் குழந்தையிடமிருந்தே கேட்டுக்கொண்டால் கிளீவ்லேண்டின் பிழை பெருமளவு கழிந்துவிடும். பாலத்தின் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் திருத்த வாய்ப்புகூடக் கிடையாது.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும். எலும்பை நீட்டும் கலை இவ்வளவு முன்னேறியபின் சின்னக் குழந்தையிடம் மட்டும் எதற்கு நிச்சயமில்லாத சுரங்க வேலை, வளரட்டும், பிறகு நீட்டிக்கொள்ளலாமே என்பார்கள். மேற்கு சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரில் இலிசாரோவ் 1950களில் தொடங்கி வளர்த்த முறை, எலும்பை வெட்டி வளையங்களும் கம்பிகளும் கொண்ட சட்டத்தில் மாட்டி, நாளைக்கு ஒரு மில்லிமீட்டரை நான்கு தவணையாகப் பிரித்து விலக்குவது. விலகும் சந்தில் புது எலும்பு பிறக்கும். இது நடக்கிறது, உலகெங்கும் நடந்திருக்கிறது. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு மாதம், சிலருக்கு ஒன்றரை மாதம், சட்டம் காலில் இருக்கும். எட்டு சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு பள்ளி ஆண்டு. கம்பி நுழையும் இடங்களில் சீழ், முழங்கால் விறைப்பு, சட்டத்தைக் கழற்றியபின் புது எலும்பு வளைதல் என்பவை விதிவிலக்குகள் அல்ல. ஒரே தவணையில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகும்போது சிக்கல்கள் ஏறுவதால், பெரிய வித்தியாசத்துக்கு இரண்டு முறை நீட்ட வேண்டி வரலாம். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கப்படும் உள்ளாணி சட்டத்தின் தொல்லையைக் குறைத்திருக்கிறது, ஆனால் தட்டுகள் திறந்திருக்கும் சின்னக் குழந்தையின் எலும்புக்குள் அதை இறக்குவது எளிதல்ல, விலையும் நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. தட்டையே இழுத்து நீட்டும் முறையும் இத்தாலியில் 1980களில் பேசப்பட்டது. நீட்டியபின் தட்டு மூடிவிடக்கூடும் என்பதால் வளர்ச்சி முடியும் தறுவாயில் உள்ளவர்களுக்கே அது ஏற்றது. நீட்டும் சிகிச்சை கடைசிப் புகலிடம். சின்னக் குழந்தையின் பாலத்தை எடுத்துப் பார்க்காமலே அந்தப் புகலிடத்தை முன்பதிவு செய்வது நியாயமில்லை.

முறிவு மட்டும்தான் தட்டைக் கெடுக்கிறது என்று எண்ணினால் இந்தியச் சூழலில் பாதிக் கதை விடுபட்டுவிடும். பச்சிளங்குழந்தைகளுக்கு ரத்தத்தில் தொற்றி மூட்டிலும் எலும்பிலும் சீழ் பிடிக்கும் நோய் நம் குழந்தை வார்டுகளில் இன்னும் குறையவில்லை. முன்னே சொன்னபடி முதல் ஒன்றரை வயதுவரை ரத்தக்குழாய்கள் தட்டைக் கடந்தே ஓடுகின்றன. தண்டில் தொடங்கும் சீழ் அந்த வழியாக நுனிக்குத் தாவித் தட்டையே தின்றுவிடும். பிள்ளை காலை அசைக்காமல் கிடப்பதை ஊசி போட்ட வலி என்று நினைத்து இரண்டு நாள் தள்ளினால், இழப்பது பத்துப் பதினைந்து வருட வளர்ச்சியை. மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமிகளின் ரத்தத் தொற்று ஒரே நேரத்தில் பல தட்டுகளைப் பலி கொள்வதுண்டு. இந்தக் குழந்தைகளிடம் மிச்ச வளர்ச்சி மிக அதிகம், பாலத்தின் விளிம்போ முறிவில் வருவதுபோல் தெளிவாக இல்லாமல் ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். கணக்கு 'எடு' என்கிறது, வரைபடம் 'முடியாது' என்கிறது. அப்படி மோதும்போது ஒரு முறை முயன்று பார்ப்பதையும், இரண்டாம் முறைக்குத் தயங்குவதையும் நான் ஆதரிப்பேன். கோணலை அவ்வப்போது எலும்பை வெட்டி நிமிர்த்திக்கொண்டே வளர்ச்சி முடியும்வரை கொண்டுபோவதும் ஒரு நேர்மையான திட்டம்தான், மூன்று நான்கு அறுவை ஆகும் என்பதைக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிட்டால். பாலத்தால் வந்த கோணல் 20 பாகைக்குள் இருந்தால் விடுவித்த தட்டே காலப்போக்கில் ஓரளவு நிமிர்த்தலாம். அதற்கு மேல் என்றால் அதே மேசையிலேயே வெட்டி நிமிர்த்திவிடுவது நல்லது.

தட்டையே புதிதாக வளர்த்துக் கொடுக்க முடியாதா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று ஏற்கனவே மனிதரில் நடந்தது. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் மார்கோ இன்னசென்டி போன்றவர்கள், புற்றுநோய்க்காகக் கை எலும்பின் நுனியை இழந்த குழந்தைகளுக்கு, கீழ்க்காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் மேல்நுனியைத் தட்டோடும் ரத்தக்குழாயோடும் எடுத்துப் பொருத்தினார்கள். பொருத்திய எலும்பு தொடர்ந்து வளர்ந்தது. நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்கில் நடக்கும் அந்த அறுவையில் காலை அசைக்கும் நரம்பும் ஆபத்துக்குள்ளாகிறது. முழு நுனியையும் இழந்தவர்களுக்கே அது நியாயப்படும், பாலத்துக்கு அல்ல. இன்னொன்று செல் உயிரியல். தட்டின் ஓய்வுநிலைச் செல்களில் சில உண்மையான ஸ்டெம் செல்கள் என்பதை 2018-லும் 2019-லும் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வுகள் காட்டின. அதற்கு முன் 1996-இலேயே, தட்டின் செல்கள் பெருகுவதை நிறுத்தி ஊதிப் பருக்கும் வேகத்தை இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தியபடி நிர்ணயிக்கும் சுற்று விளக்கப்பட்டிருந்தது. முயலிலும் ஆட்டிலும் குருத்தெலும்புச் செல்களையும் ஸ்டெம் செல்களையும் குழியில் வைத்துப் பாலத்தைத் தடுத்த சோதனைகள் பல உள்ளன, புது ரத்தக்குழாய் முளைப்பதை மருந்தால் தடுத்துப் பாலத்தைச் சிறிதாக்கும் முயற்சிகளும் உள்ளன. விஞ்ஞானமாக இவை மதிப்புள்ளவை. சில மாதங்களில் வளர்ச்சியில் பெரும்பகுதியை முடித்துவிடும் விலங்கின் தட்டில் கிடைத்த முடிவை, எட்டு வருடம் வளர வேண்டிய குழந்தையின் தட்டுக்கு நீட்டிப் பேசுவதுதான் சிக்கல். வைத்த செல்கள் ஒழுங்கான தூண்களாக அடுக்கி நின்று, எடையைத் தாங்கிக்கொண்டே வருடக்கணக்கில் பெருகியதாக மனிதரில் இன்னும் காட்டப்படவில்லை. அதற்குள் 'ஸ்டெம் செல் ஊசியால் உயரம் கூடும்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஏழு வயதுப் பையனை அழைத்துப்போகும் குடும்பம், பாலம் சிறிதாக இருக்கும் அந்த ஒரு வருடத்தை அங்கே தொலைத்துவிடும்.

ஆகவே இன்றைக்கு அந்த ஏழு வயதுப் பையனுக்குரிய வழி இதுதான். தட்டு முறிந்தது என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு முழங்கால்களும் ஒரே படத்தில் வரும்படி எக்ஸ்-ரே எடுத்து, ஹாரிஸ் கோடு சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்தால் அந்த மாதமே எம்.ஆர்.ஐ. பாலம் பரப்பில் கால்வாசிக்குள் இருந்தால் எடுத்துவிட்டு, உலோகக் குறிகளின் இடைவெளியை வளர்ச்சி முடியும்வரை அளக்க வேண்டும். குறிகள் விலகுவது நின்றுவிட்டால், அப்போது கையில் இருக்கும் மிச்ச வருடங்களை மறுபடி எண்ணி, இரண்டாம் முறை எடுப்பதா, எதிர்க்காலின் தட்டை எந்த வயதில் நிறுத்துவது என்பதைப் பெற்றோரோடு உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும்.